தள்ளிவிட வழியில்லாத ஒரு விளையாட்டு

நேயர்களுக்கு வணக்கம். வீடியோ கேம் வடிவமைப்பது என் தொழில். அதைச் சொன்னதும் பெற்றோர்கள் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: "எந்த கேமைத் திறந்தாலும் சுட்டுக்கிட்டே இருக்காங்களே, ஏன் சார்?"

உருவாக்குபவருக்கு அது சுலபம் என்பதால்தான். பட்டனை அழுத்தினால் சத்தம் வருகிறது, திரை அதிர்கிறது, எதிரே நின்றவன் விழுகிறான், மதிப்பெண் ஏறுகிறது. கண் இமைப்பதற்குள் இத்தனை பதில். பிள்ளைகளைக் கட்டிப்போடுவது இந்தப் பதில்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அதை வேறு செயலுக்குக் கொடுத்தாலும் அதே ஈர்ப்பு வரும்.

2012இல் பிளேஸ்டேஷன் 3 என்ற விளையாட்டுக் கருவிக்கு வந்த ஜர்னி என்ற விளையாட்டைச் சொல்கிறேன். வடிவமைத்தவர் ஜெனோவா சென். மணல்வெளியில் தூரத்து மலையை நோக்கி நடக்க வேண்டும். வழியில் இணையம் மூலம் முகம் தெரியாத ஒருவர் கூட வந்து சேர்வார். அவர் பெயர் தெரியாது, பேசவும் முடியாது. சின்னதாக ஓர் ஒலி மட்டும் எழுப்பலாம்.

உருவாக்கும்போது, ஒருவர் மேல் ஒருவர் மோதித் தள்ள முடிகிற மாதிரி வைத்திருந்தார்கள். மேடு ஏற ஒருவருக்கொருவர் உதவுவார்கள் என்ற எண்ணம். நடந்ததோ வேறு. ஆடியவர்கள் கூட வந்தவரைக் குழியில் தள்ளி விளையாடினார்கள்! சென் மனம் நொந்துபோனார். குழந்தைகளின் மனம் அறிந்த ஒரு நிபுணரிடம் பேசினார். புது உலகத்துக்குள் நுழைகிறவர்கள் கைக்குழந்தை மாதிரி, அவர்களுக்கு நல்லது கெட்டது தெரியாது, எதைச் செய்தால் பெரிய பதில் வருமோ அதையே திரும்பத் திரும்பச் செய்வார்கள் என்ற விளக்கம் கிடைத்தது.

சரி, அப்புறம் என்ன செய்தார்கள்? மோதலையே எடுத்துவிட்டார்கள். இருவரும் நெருங்கித் தொட்டால் கழுத்துத் துணி ஒளிர்ந்து, பறக்கும் சக்தி நிரம்பும்படி செய்தார்கள். தள்ளினால் ஒன்றும் நடக்காது, ஒட்டி நடந்தால் பறக்கலாம். ஆடியவர்களுக்கு யாரும் புத்தி சொல்லவில்லை. அவர்களாகவே சேர்ந்து நடந்தார்கள்.

இந்த வழி புதிதும் அல்ல. விண்வெளியில் சுடும் விளையாட்டுகள் கொடிகட்டிப் பறந்த நேரத்தில், பெண்களும் விளையாட்டுக் கூடங்களுக்கு வர வேண்டும் என்று ஜப்பானின் தோரு இவாதானி சாப்பிடுவதை வைத்து ஒன்று செய்தார். 1980இல் வந்த பேக்-மேன் அதுதான். 2015இல் நின்டெண்டோ நிறுவனம் வெளியிட்ட ஸ்ப்லட்டூன் என்ற விளையாட்டில் கையில் மைத் துப்பாக்கி உண்டு, எதிரணியை அடிக்கவும் செய்யலாம். ஆனால் அதன் முக்கியமான ஆட்டத்தில், மூன்று நிமிடம் முடிந்ததும் எந்த அணி அதிகத் தரைக்கு வண்ணம் பூசியது என்பதுதான் கணக்கு. குறிபார்க்கத் தெரியாத சிறுமி ஒரு மூலையைப் பூசிக்கொண்டிருந்தாலும் அவள் அணிக்கு அது லாபம். எனக்கு மிகவும் பிடித்த விதி இது.

ஜர்னியை நான் முதல்முறை ஆடியபோது, பனி மூடிய மலைச்சரிவில் காற்று என் துணையைப் பின்னால் அடித்துப் போய்விட்டது. நான் நடப்பதை நிறுத்தி, அந்தச் சின்ன ஒலியை எழுப்பிக்கொண்டே நின்றேன். கொஞ்ச நேரத்தில் பதில் ஒலி வந்தது. மீதி வழியை ஒட்டிக்கொண்டே ஏறினோம். எல்லாம் முடிந்த பிறகுதான் அவர் பெயர் திரையில் வந்தது.

நன்றி, வணக்கம்.