அளவு நோட்டு

(நூலக வாசகர் வட்டக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். டாக்டர் பேச வருகிறார் என்றதும் கழுத்தில் ஸ்டெதஸ்கோப்போடு வருவேன் என்று நினைத்திருப்பீர்கள். நான் கொண்டுவந்திருப்பது ஒரு இஞ்ச் டேப், ஒரு கத்தரி, ஒரு நூல்கண்டு. டேப்பும் கத்தரியும் அப்பா கடையில் இருந்தவை. நூல்கண்டு நேற்று வாங்கியது.

அப்பா திருத்துறைப்பூண்டி கடைத்தெருவில் டெய்லர். அவருடைய அளவு நோட்டுகள் பதினாறு என்னிடம் இருக்கின்றன. ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஒரு பக்கம். தீபாவளிக்குத் தீபாவளி அதே பக்கத்தில் புது அளவு ஏறும். நீளம், ஷோல்டர், கை, செஸ்ட், இடுப்பு. புரட்டிப் பார்த்தால் ஒன்று தெரியும். முப்பது வயதுக்கு மேல் நீளம் மாறாது, ஷோல்டர் மாறாது. இடுப்பு மட்டும் 30, 31½, 33, 34 என்று படியேறிக்கொண்டே போகும். அதனால்தான் அப்பா பேண்ட் தைக்கும்போது இடுப்பில் துணியைக் கொஞ்சம் கூடுதலாக உள்ளே மடித்து வைப்பார். "அடுத்த வருஷம் பிரிச்சு விடச் சொல்லி வருவார் பாரு" என்பார். வருவார்கள்.

நாற்பது வருடம் மருத்துவம் பார்த்த பிறகு சொல்கிறேன், அந்த நோட்டுகள் எங்கள் ஆஸ்பத்திரி ரிக்கார்டுகளைவிட யோக்கியமானவை. ஆஸ்பத்திரியில் எடை பார்ப்போம், பிரஷர் பார்ப்போம், சுகர் பார்ப்போம். இடுப்பை யாரும் அளப்பதில்லை. நானும் பல வருடம் அளக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

சரி, இடுப்பில் அப்படி என்ன இருக்கிறது?

2004ல் 'லான்செட்' மருத்துவ இதழில் ஒரு படம் வந்தது. இரண்டு டாக்டர்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். ஒருவர் புனேயைச் சேர்ந்த சித்தரஞ்சன் யாக்னிக், இன்னொருவர் லண்டனைச் சேர்ந்த ஜான் யுட்கின். உயரத்துக்கு ஏற்ற எடையைச் சொல்கிற கணக்கு இருக்கிறதே, பி.எம்.ஐ., அது இரண்டு பேருக்கும் ஒரே எண், 22.3. பார்வைக்கும் இருவரும் ஒல்லி. ஆனால் ஸ்கேன் எடுத்து உடம்பில் எத்தனை பங்கு கொழுப்பு என்று பார்த்தால், லண்டன்காரருக்கு 9.1 சதவீதம், புனேக்காரருக்கு 21.2 சதவீதம். இரண்டு மடங்குக்கும் மேல்! இரண்டு பேரின் குடும்பப் பெயரும் ஆங்கிலத்தில் 'ஒய்' எழுத்தில் தொடங்குவதால் அதற்கு 'ஒய்-ஒய் முரண்' என்றே பெயர் வைத்தார்கள். நம்மூர்ப் பேச்சில் சொன்னால், ஆள் ஒல்லி, உள்ளே குண்டு.

எல்லாக் கொழுப்பும் கெட்டதல்ல. தோலுக்கு அடியில், தொடையில், பின்பக்கத்தில் தங்கும் கொழுப்பு பெரிய தொந்தரவு தருவதில்லை. இது தஞ்சாவூர்ப் பக்கம் என்பதால் பத்தாயத்தை வைத்துச் சொல்கிறேன். அறுவடை நெல் பத்தாயத்தில் இருக்கும்வரை வீட்டுக்கு ஆபத்தில்லை. பத்தாயம் நிறைந்த பிறகும் மூட்டை வந்துகொண்டே இருந்தால் என்ன செய்வோம்? கூடத்தில் அடுக்குவோம், அடுக்களையில் அடுக்குவோம், கடைசியில் நடக்கவே வழி இருக்காது. தெற்காசியர்களான நமக்குத் தோலடிப் பத்தாயம் சின்னது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். சீக்கிரம் நிறைந்துவிடுகிறது. மிச்சம் குடலைச் சுற்றியும் கல்லீரலிலும் தசைக்குள்ளும் போய் உட்காருகிறது. வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. தொப்பை மட்டும் லேசாகக் காட்டிக்கொடுக்கும்.

கல்லீரலில் கொழுப்பு ஏறினால் அது இன்சுலின் சொல்வதைக் கேட்பதில்லை. சாப்பிட்ட பிறகும் நிறுத்தாமல் சர்க்கரையை ரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கும். கணையம் இன்னும் கொஞ்சம் இன்சுலினைச் சுரந்து சமாளிக்கும். இது வருடக்கணக்கில் நடக்கும். அந்த வருடங்களில் உங்கள் சுகர் ரிப்போர்ட் சுத்தமாக இருக்கும்! ஆனால் அதே கல்லீரல் டிரைகிளிசரைடு கொழுப்பை ரத்தத்தில் கொட்டிக்கொண்டிருக்கும், நல்ல கொழுப்பு குறையும், பிரஷர் ஏறும். ரத்தக் குழாயின் உள்சுவர் பாழாகத் தொடங்கியிருக்கும். கணையம் களைத்துப்போன அன்றைக்குத்தான் "உங்களுக்குச் சுகர் வந்திருக்கு" என்கிறோம். வந்தது அன்றைக்கு இல்லை. 1988ல் அமெரிக்க மருத்துவர் ஜெரால்டு ரீவன் இந்தக் கோளாறுகளை ஒன்றாகச் சேர்த்துக் காட்டி 'எக்ஸ் நோய்க்குறித் தொகுப்பு' என்று பெயர் வைத்தார். சுகருக்கு ஒரு டாக்டர், பிரஷருக்கு ஒரு டாக்டர், நெஞ்சுக்கு ஒரு டாக்டர் என்று நாம் தனித்தனியாக ஓடுகிறோம். மூன்றும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்.

ஆள் ஒல்லி, உள்ளே குண்டு என்கிற இந்த உடம்பு நமக்கு எப்படி வந்தது? அதற்கும் ஒரு நோட்டுக் கதை உண்டு. இங்கிலாந்தில் ஹெர்ட்ஃபோர்ட்ஷயர் என்ற பகுதியில் 1911லிருந்து, பிறந்த குழந்தைகளின் எடையையும் ஒரு வயதில் அதன் எடையையும் செவிலியர்கள் பேரேட்டில் எழுதி வைத்தார்கள். எழுபது சொச்சம் வருடம் கழித்து டேவிட் பார்க்கர் என்பவர் அந்தப் பேரேடுகளை எடுத்து, அந்தக் குழந்தைகள் பெரியவர்களாகி எதில் இறந்தார்கள் என்று தேடினார். எடை குறைவாக இருந்த ஆண் குழந்தைகளே பின்னாளில் இதய நோயில் அதிகம் இறந்திருந்தார்கள். 1989ல் அதை வெளியிட்டார். புனே பக்கத்துக் கிராமங்களில் யாக்னிக் பார்த்தபோது பிறந்த குழந்தையின் சராசரி எடை 2.7 கிலோ. இங்கிலாந்துக் குழந்தை 3.5 கிலோ. தசை குறைவு, உறுப்புகள் சிறிது. தோலடிக் கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை. தாய் வயிற்றில் பஞ்சத்துக்குத் தயாராகிப் பிறந்த பிள்ளை, வளர்ந்து தினமும் விருந்துச் சாப்பாடு சாப்பிடுகிறது.

அதனால்தான் நமக்கு வெள்ளைக்காரர் அளவுகள் பொருந்துவதில்லை. அவர்களுக்கு பி.எம்.ஐ. 25ல் தொடங்கும் அதிக எடை நமக்கு 23லேயே தொடங்குகிறது. இடுப்புக்கு எல்லை ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80. இஞ்சில் சொன்னால் 35½, 31½.

சென்னையிலிருந்து ஒருங்கிணைத்து, நாடு முழுக்க ஒரு லட்சத்துப் பதின்மூன்றாயிரம் பேரை நேரில் பார்த்து எடுத்த ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) ஆய்வின் முடிவு 2023ல் வந்தது. பெரியவர்களில் 100க்கு 11 பேருக்குச் சர்க்கரை நோய், 15 பேர் அதன் வாசலில். பேப்பரில் தலைப்பாக வந்தது அதுதான். அதே ஆய்வில் பிரஷர் 35 பேருக்கு, வயிற்றுப் பருமன் 39 பேருக்கு, ரத்தக் கொழுப்பில் ஏதோ ஒரு கோளாறு 81 பேருக்கு! இந்த மண்டபத்தில் ஐம்பது பேர் இருக்கிறீர்கள். நாற்பது பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அப்பா கதையைப் பாதியில் விட்டுவிட்டேன். அவர் ஐந்தடி நாலு அங்குலம், 60 கிலோ. யாரும் அவரைப் பருமன் என்று சொன்னதில்லை. 1983ல் பெடல் மிஷினுக்கு மோட்டார் மாட்டினார். அதுவரை காலையிலிருந்து ராத்திரி வரை கால் ஆடிக்கொண்டே இருக்கும். மோட்டார் வந்ததும் ஒரு கால் மட்டும், அதுவும் லேசாக அழுத்தினால் போதும். நாங்கள் எல்லோரும் சந்தோஷப்பட்டோம், முழங்கால் வலி போயிற்று என்று. 1990 வாக்கில் நடந்தால் மூச்சு வாங்குகிறது என்று ஒரு கிளினிக்குக்குப் போனார். "உங்க உடம்புக்கெல்லாம் சுகர் வராது" என்று டானிக் எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அடுத்த வருடம் மாரடைப்பு. வயது 52. ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும்போதுதான் சர்க்கரை 300க்கு மேல் என்று தெரிந்தது. நான் அப்போது டாக்டர். மகன் டாக்டராக இருந்தும்.

நோட்டில் அவருக்கும் ஒரு பக்கம் உண்டு. 1976ல் இடுப்பு 29. 1990ல் 35½. ஷோல்டர் மாறவே இல்லை. எடையும் மூன்றோ நாலோ கிலோதான் கூடியிருக்கும். மோட்டார்தான் காரணம் என்று நான் சொல்லமாட்டேன். ஒரு ஆளை வைத்து அறிவியல் பேசக்கூடாது. அவர் பீடியும் குடிப்பார்.

52 என்பது அபூர்வமும் இல்லை. சலீம் யூசுப் தலைமையில் 52 நாடுகளில் நடந்த 'இன்டர்ஹார்ட்' ஆய்வு 2004ல் வந்தது. அதில் முதல் மாரடைப்பு வந்த தெற்காசியர்களின் சராசரி வயது 53. மற்ற நாட்டவருக்குக் கிட்டத்தட்ட 59. புகை, ரத்தக் கொழுப்பு, பிரஷர், சர்க்கரை, வயிற்றுப் பருமன், மனநெருக்கடி, காய்கனி சாப்பிடாதது, உடலுழைப்பு இல்லாதது, மது என்று ஒன்பது விஷயங்களே மாரடைப்பு ஆபத்தில் பத்தில் ஒன்பது பங்கு என்றார்கள். எல்லாம் தெரிந்த சங்கதி. தலையெழுத்து என்று தள்ளிவிட முடியாத சங்கதி.

இதற்கு என்ன செய்வது என்று கேட்பீர்கள். சென்னையில் ஏ. ராமச்சந்திரன் குழு, சர்க்கரையின் வாசலில் நின்ற 531 பேரை மூன்று வருடம் கவனித்தது. 2006ல் முடிவு வந்தது. சும்மா விட்டவர்களில் 100க்கு 55 பேருக்குச் சர்க்கரை வந்துவிட்டது. நடையும் சாப்பாட்டு மாற்றமும் செய்தவர்களில் 39 பேருக்கு. மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை கொடுத்தவர்களிலும் ஏறத்தாழ அவ்வளவே. இரண்டையும் சேர்த்தால் இன்னும் குறையும் என்று நினைத்தார்கள், குறையவில்லை. எனக்குப் பிடித்த விஷயம் வேறு. நடந்தவர்களுக்கு எடை பெரிதாகக் குறையவே இல்லை. எடை மிஷின் முள் அசையாமலே நோய் தள்ளிப்போயிருக்கிறது. "ஆறு மாசமா நடக்கிறேன், ஒரு கிலோகூடக் குறையலை, விட்டுட்டேன்" என்று சொல்பவர்கள் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். தசை வேலை செய்யும்போது இன்சுலின் உதவி இல்லாமலே சர்க்கரையை இழுத்துக்கொள்கிறது. சாப்பிட்ட பிறகு தெருக்கோடிவரை ஒரு நடை என்பது பாட்டி காலத்துப் பழக்கம் மட்டுமல்ல.

அப்புறம், சோறு சாப்பிடலாமா? எந்த ஊரில் பேசினாலும் வருகிற கேள்வி. நம் இலையைப் பாருங்கள். சாம்பாருக்கு ஒரு சோறு, ரசத்துக்கு ஒரு சோறு, மோருக்கு ஒரு சோறு. பொரியல் ஓரத்தில், ஊறுகாய்க்கு அண்ணன் மாதிரி. இதைத் திருப்பிப் போடுங்கள் என்கிறேன். முதலில் கூட்டு, பொரியல், சுண்டலோ முட்டையோ மீனோ. வயிறு பாதி நிறைந்த பிறகு சோறு ஒரு தடவை. "நான் சப்பாத்திக்கு மாறிட்டேன் டாக்டர்" என்று பெருமையாகச் சொல்பவர்களிடம் எத்தனை என்று கேட்டால் ஐந்து என்பார்கள். ஐந்து சப்பாத்தியும் மாவுதான்.

இன்னொன்று. டெஸ்டுக்கு இரண்டு நாள் முன்னால் மட்டும் பத்தியம் இருந்து நல்ல ரிப்போர்ட் வாங்குகிற சாமர்த்தியம் நம்மிடம் உண்டு. மூன்று மாதச் சராசரி என்று சொல்கிறோமே, எச்.பி.ஏ.1.சி., அதில் இந்த வேலை நடக்காது. ரத்தச் சிவப்பணு சுமார் 120 நாள் வாழ்கிறது, அத்தனை நாளும் சர்க்கரை அதில் ஒட்டிக்கொண்டே வரும். ஆடி மாதம் கோயிலில் குடித்த பானகம்கூடக் கணக்கில் இருக்கும். 5.7க்குக் கீழே நல்லது, 6.5 தொட்டால் நோய். நடுவில் இருப்பதைத்தான் 'பார்டர்' என்று செல்லமாகச் சொல்கிறோம்.

மாத்திரை எழுதிக் கொடுத்தால் போடுங்கள். சர்க்கரை மாத்திரையைப் போட்டு பிரஷர் மாத்திரையை விட்டுவிடுவது பெரிய தப்பு. டென்மார்க்கில் 160 சர்க்கரை நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குச் சர்க்கரை, பிரஷர், கொழுப்பு எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் இறுக்கிப் பிடித்தார்கள். சுமார் எட்டு வருடத்தில் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை மற்ற பாதியைவிடக் கிட்டத்தட்ட பாதியாகக் குறைந்தன. இங்கே நிலைமை என்ன? 2020ல் தமிழ்நாட்டில் எடுத்த கணக்கில், பிரஷர் உள்ளவர்களில் 100க்கு ஏழு பேருக்குத்தான் அது கட்டுக்குள் இருந்தது. அடுத்த வருடம் ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இப்போது மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. வாங்கி அலமாரியில் வைத்துவிடாதீர்கள்.

போதும், இனி அளப்போம். பேண்ட் சைஸைச் சொல்லாதீர்கள். தொப்பைக்குக் கீழே இறக்கிக் கட்டினால் எவனுக்கும் முப்பது வருடம் 34தான். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்முனைக்கும் நடுவில் பிடிக்க வேண்டும். அரைஞாண் கயிறு கட்டியிருப்பவர்களுக்கு வேறு சாட்சியே வேண்டாம், போன வருடத்துக் கயிறு இந்த வருடம் இறுகுகிறதா என்று பாருங்கள். டேப் எண் எல்லாம் குழப்பமாக இருந்தால் இந்த நூல் போதும். உங்கள் உயரத்துக்கு நூலை வெட்டுங்கள், இரண்டாக மடியுங்கள், இடுப்பைச் சுற்றுங்கள். இரண்டு முனையும் தொட்டால் சரி. தொடாவிட்டால் அடுத்த வாரம் வெறும் வயிற்றோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் சுகர், பிரஷர், கொழுப்பு மூன்றும் பார்த்துவிடுங்கள்.

கத்தரி ஒன்றுதான் இருக்கிறது, வரிசையாக வாருங்கள். அம்மாமார்களுக்கு நூலக அறையில் செவிலியர் சகோதரி இருக்கிறார். ஐயா, நீங்கள் முதலில் வாங்க. சட்டையை வெளியே எடுத்துவிடுங்கள். மூச்சை விடுங்கள்... இல்லை இல்லை, வயிற்றை உள்ளே இழுக்காதீர்கள்.