தவளையின் தொண்டை ஏன் துடித்துக்கொண்டே இருக்கிறது?

[காட்சி: மழை ஓய்ந்த இரவு. குட்டை ஓரத்தில் ஒரு தவளை.]

இதன் தொண்டையைக் கவனியுங்கள். நிற்காமல் துடிக்கிறது. ஆனால் மார்பு நம்முடையதைப் போல விரிந்து சுருங்கவில்லை. மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவே இருந்து மூச்சை இழுக்க உதவும் தசையான உதரவிதானம் தவளைக்குக் கிடையாது. மூச்சோடு விரிந்து கொடுக்கும் விலாக்கூடும் கிடையாது. காற்றை உள்ளே இழுக்க வழியில்லாததால், உள்ளே தள்ளுகிறது.

[வரைபடம்: தவளையின் தலை, பக்கவாட்டுத் தோற்றம்.]

வாயின் அடித்தளம் தாழ்கிறது. மூக்குத்துளை வழியாக வாயில் காற்று நிறைகிறது. பிறகு மூக்குத்துளைகள் மூடிக்கொள்கின்றன, தொண்டை மேலெழும்புகிறது, காற்று நுரையீரலுக்குள் போகிறது. சைக்கிள் பம்பு செய்யும் வேலைதான். எல்லாத் துடிப்பும் நுரையீரலை எட்டுவதில்லை. பல துடிப்புகள் வாயிலிருக்கும் காற்றை மாற்றுவதோடு சரி.

கடுங்குளிரில் பம்பு ஓய்ந்தாலும் சில தவளைகள் பிழைத்துக்கொள்ளும், தோல் ஈரமாக இருக்கும்வரை. ஐரோப்பாவின் பழுப்புத் தவளைகள் குளிர்காலத்தில், மேலே பனிக்கட்டி மூடிய குளத்தின் அடியில் கிடந்து, நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனைத் தோல் வழியாகவே பெறுகின்றன. தவளையின் உறவினர்களான, வாலுள்ள சாலமாண்டர்களில் ஒரு பெரிய குடும்பத்துக்கு நுரையீரலே இல்லை. தண்ணீரையும் தவளை வாயால் குடிப்பதில்லை. ஈரத்தில் வயிற்றைப் பதித்து உறிஞ்சிக்கொள்கிறது. நாம் வயலில் தெளிக்கும் பூச்சிமருந்தும் அதே தோல் வழியாகத்தான் அதன் உடம்புக்குள் போகிறது. இதை நினைக்காமல் என்னால் ஒரு வயல் தவளையைப் பார்க்க முடிவதில்லை.

[ஒலி: தவளைகளின் கூட்டுக் கத்தல்.]

இப்போது கத்துபவை ஆண்கள். பெரும்பாலானவை வாயையும் மூக்கையும் மூடிக்கொண்டுதான் கத்துகின்றன! நுரையீரலின் காற்று குரல்வளையை அதிரவைத்து, தொண்டையின் குரல்பையை ஊதவைக்கிறது. பை சுருங்கும்போது அதே காற்று நுரையீரலுக்குத் திரும்புகிறது. ஒரே மூச்சை வைத்துக்கொண்டு மீண்டும் மீண்டும் கூப்பிடுகிறது.

இத்தனை குரல்களுக்கு நடுவே பெண் தவளை தன் இனத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறது? அமெரிக்காவின் பச்சை மரத்தவளையை வைத்து நடந்த ஆய்வு ஒன்று 2021இல் வெளியானது. காற்று நிரம்பிய நுரையீரல், பிற இனங்களின் குரல் அடங்கிய அதிர்வெண்களில் செவிப்பறையின் அதிர்வைக் குறைத்துவிடுகிறது. தன் இனத்தின் குரலை அப்படியே விட்டுவிடுகிறது. மூச்சுக்கான உறுப்பு, காதுக்குச் சல்லடையாகவும் இருக்கிறது.

'தவளை தன் வாயால் கெடும்' என்பார்கள். பனாமாவின் டுங்காரா தவளைக்கு அது அப்படியே பொருந்தும். ஆணின் நீண்ட சிணுங்கலோடு 'சக்' என்ற குட்டி ஒலியும் சேர்ந்தால் பெண்ணுக்கு அதிகம் பிடிக்கும். தவளை தின்னும் வௌவாலுக்கும் அந்த 'சக்'தான் பிடிக்கும். வௌவாலுக்கு அஞ்சி வாயை மூடினால் துணை கிடைக்காது.

[காட்சி: மேற்குத் தொடர்ச்சி மலை. பாறைகளில் மோதி இரையும் ஓடை.]

இந்த இரைச்சலில் குரல் மட்டும் போதாது. இங்கே வாழும் நடனத் தவளைகளில் 14 புதிய இனங்களை உயிரியலாளர் எஸ்.டி. பிஜு தலைமையிலான குழு 2014இல் விவரித்தது. அதோ, ஈரப் பாறையின் மேல் விரல்நுனி அளவில் ஓர் ஆண். முதலில் மெல்லக் கத்துகிறது. பிறகு ஒரு பின்னங்காலைத் தூக்கிப் பின்னால் நீட்டி, விரல்களை விரித்துக் காட்டுகிறது.

கால் இறங்குகிறது. தொண்டை மறுபடி துடிக்கிறது.