மேஸ்திரி நோட்டில் ஒரு வரி

அவைத் தலைவர் அவர்களே, மூன்று மாதமாக விடாமல் போன் போட்டு என்னை இங்கே வரவழைத்த வாசகர் வட்டச் செயலாளர் அவர்களே, இந்த மழையிலும் நேரத்துக்கு வந்து உட்கார்ந்திருக்கும் ஊராட்சி மன்றத் தலைவர் அம்மா அவர்களே, விடுமுறை நாளில் பள்ளி அரங்கைத் திறந்துவிட்ட தலைமையாசிரியர் அவர்களே, எனக்கு முன்னால் பேசிய குழந்தைகள் நல மருத்துவர் ஐயா அவர்களே, பெரியோர்களே, தாய்மார்களே, எல்லாருக்கும் வணக்கம். ஒருவரைத் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். மூன்றாவது வரிசை ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறாரே, அவர் ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர். இந்த அரங்கத்தில் இருக்கும் இளைஞர்கள் பாதிப் பேருக்கு ஊசி போட்ட கை அவருடையது. அம்மா, கொஞ்சம் எழுந்து நில்லுங்கள், எல்லாரும் பார்க்கட்டும். கை தட்டலாம், தாராளமாகத் தட்டலாம்.

சரி, தலைப்புக்கு வருகிறேன். குழந்தைகளின் தடுப்பூசிக்கு நாடு முழுவதற்கும் ஒரே மின்பதிவேடு. இதில் மூன்று விஷயம் பேசப்போகிறேன். பதிவேடு எதற்கு என்பது ஒன்று, தனியார் மருத்துவமனைகளை அதற்குள் கொண்டுவருவது இரண்டு, அதில் இருக்கும் விவரங்களுக்கு யார் காவல் என்பது மூன்று.

எங்கள் அப்பத்தா ஒரு பழமொழி சொல்லும். 'எழுதாக் கடனுக்கு அழுதால் தீருமா?' ஊரெல்லாம் நெல்லைக் கைமாற்றாகக் கொடுத்துவிட்டு, திரும்ப வராமல் ஏமாந்த மனுஷி அது. என் வீட்டில் எந்தப் பேச்சு எடுத்தாலும் இந்தப் பழமொழியில்தான் வந்து முடியும். டாக்டர் ஐயா சற்றுமுன் 'ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது' என்றார். கம்ப்யூட்டரில் பதிந்துவிட்டால் குழந்தைக்கு ஊசி போட்டதாக ஆகிவிடுமா என்று கேட்டார். ஆகாது ஐயா, நூற்றுக்கு நூறு ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஊசியைப் போட்டுவிட்டு எழுதாமல் விட்டால் என்ன ஆகும் என்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன், அதைச் சொல்லத்தான் வந்தேன்.

நம் நாட்டில் அனைவருக்குமான தடுப்பூசித் திட்டம் 1985-ல் தொடங்கியது. இன்று 12 நோய்களுக்கு இலவசமாக ஊசியும் சொட்டு மருந்தும் தருகிறார்கள், பிறந்த அன்று தொடங்கி 16 வயது வரை. வருஷத்துக்குச் சுமார் 2.6 கோடிக் குழந்தைகள். இத்தனை பேரையும் பெயர் சொல்லிப் பின்தொடர 2009-லேயே தாய்-சேய் கண்காணிப்பு முறை என்று ஒன்றைத் தொடங்கினார்கள். தமிழ்நாட்டில் கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் பதியும் பிக்மி இருக்கிறது, அந்த எண் இல்லாமல் பிறப்புச் சான்றிதழே வாங்க முடியாது என்பது இங்கே இருக்கும் தாய்மார்களுக்குத் தெரியும். கொரோனா காலத்தில் அந்த ஊசிக்குப் பதிவு செய்ய கோ-வின் வந்தது. அதே பாணியில் 2023 ஜனவரியில் மாநிலத்துக்கு இரண்டு மாவட்டம் என்று சோதனையாகத் தொடங்கியதுதான் யூ-வின், நான் சொன்ன அந்த ஒரே மின்பதிவேடு. எந்த மாநிலத்தில் பிறந்த குழந்தைக்கும் எந்த மாநிலத்திலும் அடுத்த ஊசி, நாள் நெருங்கினால் போனுக்கு எஸ்.எம்.எஸ்., சான்றிதழில் கியூஆர் குறி. நல்ல ஏற்பாடு. நான் மனதார வரவேற்கிறேன்.

அப்புறம் சூளைக்குப் போனேன்.

செங்கல் சூளைப் பிள்ளைகளுக்கு மாலையில் பாடம் சொல்லித்தருவது என் வேலை, பல பேருக்குத் தெரியும். திருவள்ளூர் பக்கம் பொங்கல் முடிந்ததும் ஒடிசாவிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்து இறங்குவார்கள், மழைக்கு முன்னால் திரும்பிப் போவார்கள். கடந்த மார்ச் மாதம் ஒரு புதன்கிழமை. புதன்தான் ஊசி நாள். அந்தப் பகுதி நர்ஸம்மா நீலநிற ஐஸ் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு, நான் கூப்பிட்டேன் என்பதற்காக வெயிலில் சூளைக்கு வந்தார். ஒரு தாய், இடுப்பில் 10 மாதப் பெண் குழந்தை, இரண்டு பேர் மேலும் செம்மண் அப்பியிருக்கிறது. அட்டை இருக்கிறதா என்று கேட்டால் அந்தப் பெண்ணுக்குத் தமிழ் புரியவில்லை, எங்களுக்கு ஒடியா தெரியாது. நர்ஸம்மா போனை எடுத்துப் பெயரைப் போட்டுப் பார்த்தார், கணவனின் போன் நம்பரைப் போட்டுப் பார்த்தார். ஒன்றும் வரவில்லை. நான் சரி, முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான் என்றேன். நர்ஸம்மா சும்மா இருங்க சார் என்று சொல்லிவிட்டுத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். குழந்தையை மடியில் வாங்கி, இடது தோளில் சட்டையை விலக்கிப் பார்த்தார். சின்னத் தழும்பு. பிசிஜி, அதாவது காசநோய்த் தடுப்பூசி, போட்டாச்சு என்றார். அப்புறம் தன் தொடையில் விரலால் குத்துவதுபோல் காட்டி, புருவத்தை உயர்த்தினார். அவ்வளவுதான், அந்தத் தாயின் முகம் மலர்ந்துவிட்டது. குழந்தையின் இடது தொடையைத் தொட்டு இரண்டு விரலைக் காட்டினாள். வலது தொடையைத் தொட்டு ஒரு விரல். நெற்றியில் கை வைத்து, உடம்பைக் குலுக்கி, ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை என்று கன்னத்தில் கையை வைத்துத் தலையை ஆட்டினாள். நர்ஸம்மா என்னிடம் திரும்பி, "இடது தொடை பென்டா சார், ஐந்து நோய்க்கு ஒரே ஊசி, காய்ச்சல் அதுக்குத்தான் வரும். வலது தொடை நிமோனியா ஊசி, அது 6-வது வாரம் உண்டு, 10-வது வாரம் கிடையாது, 14-வது வாரம்தான் அடுத்தது. அங்கே இரண்டு, இங்கே ஒன்று என்றால் 6-வது வாரமும் 10-வது வாரமும் போயிருக்காங்க, 14-வது வாரம் விட்டுப்போச்சு" என்றார். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. ஒரு வார்த்தை பொதுவில் இல்லாத இரண்டு பெண்கள் ஒரு குழந்தையின் உடம்பையே பதிவேடாக வைத்துப் படித்துவிட்டார்கள்.

விட்டுப்போன இரண்டையும், 9 மாதத்தில் போட்டிருக்க வேண்டிய தட்டம்மை-ரூபெல்லா ஊசியையும் அன்றைக்கே போட்டார். சாயங்காலம் மேஸ்திரி வந்தார். அவருக்கு இரண்டு பாஷையும் தெரியும். அட்டை ஊரில் மாமியார் பெட்டியில் இருக்கிறதாம், பதிவில் கொடுத்தது எப்போதோ தொலைந்துபோன சிம் கார்டின் நம்பராம். பேசிக்கொண்டே மேஸ்திரி அக்குளில் இருந்த நோட்டை எடுத்தார், நீள நோட்டு, நூல் கட்டியது. அந்தக் குடும்பத்துக்கு ஒரு பக்கம். எந்தத் தேதியில் எவ்வளவு முன்பணம், வாரச் செலவுக்கு எவ்வளவு, எத்தனை ஆயிரம் கல் அறுத்தார்கள், கீழே கைநாட்டு. மாநிலம் தாண்டி வந்தும் ஒரு ரூபாய் விட்டுப்போகவில்லை. எழுதாக் கடனுக்கு அழுதால் தீருமா என்று தெரிந்துதான் எழுதி வைத்திருக்கிறார். அந்தக் குடும்பத்தின் கடன் ஒடிசாவிலிருந்து திருவள்ளூர் வரைக்கும் கூடவே வந்திருக்கிறது, குழந்தைக்குப் போட்ட ஊசியின் கணக்கு வரவில்லை. இதைத்தான் நான் போகிற மேடையெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன், இனியும் சொல்வேன்.

தனியார் மருத்துவமனை பற்றிச் சொல்வதாகச் சொன்னேன். பணம் கொடுத்துப் போடும் ஊசியும் அரசுப் பதிவேட்டில் ஏற வேண்டும், அவ்வளவுதான், அதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை.

ஆனால் சூளை விஷயத்துக்கு வாருங்கள். இது முடியாத காரியம் இல்லை, நாமே செய்து காட்டியிருக்கிறோம். போலியோவை எப்படி ஒழித்தோம்? கடைசியாக 2011 ஜனவரி 13-ல் மேற்கு வங்கத்தின் ஹௌராவில் ஒரு குழந்தை, 2014 மார்ச் 27-ல் போலியோ இல்லை என்று சான்றிதழ். அதற்குமுன் வருஷக்கணக்காக வீட்டுச் சுவரில் சாக்பீஸால் எழுதினார்கள். எல்லாக் குழந்தைக்கும் கொடுத்தாயிற்று என்றால் 'பி', விட்டுப்போயிருந்தால் 'எக்ஸ்'. எக்ஸ் போட்ட வீட்டுக்கு மறுபடி போனார்கள். குழந்தையின் சுண்டு விரலில் மை வைத்தார்கள். உத்தரப் பிரதேசத்திலும் பிகாரிலும் செங்கல் சூளை, கட்டட வேலை நடக்கும் இடம், நாடோடிகளின் கூடாரம் என்று பட்டியல் போட்டு, அங்கேயே போய்ச் சொட்டு மருந்து கொடுத்தார்கள். ஓடும் ரயிலில்கூடக் கொடுத்தார்கள். சாக்பீஸை வைத்துக்கொண்டு அதைச் செய்த நாடு இது. இன்று தடுப்பூசி மருந்து எந்தக் குளிர்பெட்டியில் எத்தனை டிகிரியில் இருக்கிறது என்பதை ஈ-வின் என்ற அமைப்பு காட்டிக்கொடுக்கிறது. பாட்டில் இருக்கும் இடம் தெரிகிறது, அதைப் போட்டுக்கொள்ள வேண்டிய குழந்தை எந்தச் சூளையில் இருக்கிறது என்பதும் தெரிய வேண்டாமா?

நர்ஸம்மாவைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ரிஜிஸ்டரில் ஒரு தடவை, செயலியில் ஒரு தடவை என்று ஒரே பெயரை எழுதிக்கொண்டிருக்கும் பெண், தன் பகுதிப் பட்டியலில் இல்லாத குழந்தையைத் தேடி எப்படிப் போவார்? சூளை அந்தப் பட்டியலில் இருந்தால் போவார். அதைத்தான் கேட்கிறோம். ஒவ்வொரு சூளையையும் தடுப்பூசி போடும் இடமாகத் திட்டத்தில் சேருங்கள், லாரி வந்து இறங்கிய வாரத்திலேயே அங்கே வைத்துப் பதியுங்கள், போன் நம்பரை அன்றே சரிபாருங்கள். மேஸ்திரி தன் நம்பரைக் கொடுக்கிறேன் என்று அன்றைக்குச் சொன்னார், நர்ஸம்மா ஒத்துக்கொள்ளவே இல்லை, கணவனின் புது நம்பரைத்தான் பதிந்தார், புது அட்டையின் உள்பக்கத்தில் பேனாவாலும் எழுதிக் கொடுத்தார்.

மூன்றாவது விஷயத்துக்கு நேரம் இல்லை என்று தலைவர் சைகை காட்டுகிறார், மன்னிக்க வேண்டும். அந்தக் குடும்பம் ஜூன் மாதம் ஊருக்குப் போனது. 16 மாதம் முடிந்தால் அடுத்த தட்டம்மை ஊசி. குழந்தைக்கு இப்போது அதைத் தாண்டிய வயது. அந்த நம்பருக்குப் போன வாரம்கூட அடித்தேன், அணைத்து வைத்திருப்பதாகவே சொல்கிறது.

வாசலில் ஒரு மேசை போட்டிருக்கிறோம். மாவட்ட ஆட்சியருக்கு மனு, மூன்று பக்கம். கையெழுத்துப் போடுபவர்கள், உங்கள் ஊரைச் சுற்றி எத்தனை சூளை இருக்கிறது, எந்தச் சாலையில் இருக்கிறது என்று பக்கத்திலேயே ஒரு வரி எழுதிவிடுங்கள். பொங்கலுக்கு இன்னும் ஐந்து வாரம்தான் இருக்கிறது. பேனா நான்கு வைத்திருக்கிறேன்.