மூலையில் சாய்ந்து மிதக்கும் க்ளவுன் மீன்: செவுளைப் பாருங்கள்

வணக்கம் நண்பர்களே. கேமராவைத் தொட்டிக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன், மோட்டார் சத்தம் கொஞ்சம் கேட்கும். இந்த இரண்டு க்ளவுன் மீன்களும் வந்து இன்றோடு நான்கு நாள். பெரியது இரண்டாம் நாளே சாப்பிட ஆரம்பித்துவிட்டது. சின்னது இன்னும் வாயைத் திறக்கவில்லை.

முதல் ராத்திரி விளக்கை அணைத்து அரை மணி நேரம் கழித்து வந்து பார்த்தேன். சின்னது மேல் மூலையில், கண்ணாடியை ஒட்டி, ஒருக்களித்துச் சாய்ந்து மிதக்கிறது. வால் மட்டும் லேசாக ஆடுகிறது. முதன்முதலாக வளர்ப்பவர்கள் இதைப் பார்த்தால் மீன் கதை முடிந்தது என்றே நினைப்பார்கள். அது தூங்குகிறது, அவ்வளவுதான். கடலில் அனிமோன் என்ற, பூப்போல விரியும் கடல் உயிரியின் கைகளுக்கு நடுவே படுத்துக்கொள்ளும் மீன் இது. அனிமோன் இல்லாத தொட்டியில் ஒரு மூலையைப் பிடித்துக்கொள்கிறது.

பகலிலும் அந்த மூலையை விட்டு நகராது. கடலிலேயே ஓர் அனிமோனைச் சுற்றிச் சில மீட்டர் தூரத்துக்குள் வாழ்க்கையை முடித்துக்கொள்ளும் இனம், தொட்டி முழுக்கச் சுற்ற வேண்டும் என்று நாம் எதிர்பார்ப்பது நியாயமில்லை. பண்ணையில் பிறந்து வளர்ந்த மீன் என்றால் அனிமோனையே பார்த்திருக்காது. ஹீட்டர், தண்ணீரைத் தள்ளும் பவர்ஹெட் மோட்டார், ஏதாவது ஒன்றை வீடாக நினைத்து உரசிக்கொண்டு நிற்கும். நிற்கட்டும்.

இதோ, இப்போது பாருங்கள். சின்னது பெரியதின் பக்கத்தில் போய், உடம்பைச் சாய்த்து, தலை முதல் வால் வரை படபடவென்று நடுங்குகிறது... நின்றுவிட்டது. வலிப்பு வந்ததுபோல் இருக்கிறது இல்லையா? "நீதான் பெரியவள், நான் அடங்கியவன்" என்று அது சொல்கிறது. க்ளவுன் மீன்கள் எல்லாமே முதலில் ஆணாகத்தான் வளரும். கூட்டத்தில் பெரியது பெண்ணாக மாறும். அடுத்த இடத்தில் இருப்பது அதன் துணை. இந்த முடிவு வரும் வரை துரத்தல், லேசான கடி எல்லாம் இருக்கும். துடுப்பு கிழிந்தாலோ, சின்னதைத் தீனிப் பக்கமே வரவிடாமல் அடித்தாலோதான் நாம் நடுவில் தடுப்பு வைக்க வேண்டும்.

சரி, இந்த வீடியோ போட வேண்டும் என்று நினைத்த காரணத்துக்கு வருகிறேன். எனக்கு முன்பு ஒரு க்ளவுன் இருந்தது. வந்த இரண்டாம் நாளிலிருந்து பவர்ஹெட் தள்ளும் தண்ணீருக்கு நேர் எதிரே நின்று நீந்திக்கொண்டே இருந்தது. விளையாடுகிறது என்று சந்தோஷப்பட்டேன். நன்றாக இருக்கும் க்ளவுனும் அப்படி நீந்தும் என்பதால் சந்தேகமே வரவில்லை. மறுநாள் மற்ற விளக்கை அணைத்துவிட்டுப் பக்கவாட்டில் டார்ச் அடித்தபோதுதான் தோலின் மேல் பொடிப்பொடியாக மஞ்சள் தூசி தெரிந்தது. வெல்வெட் நோய், ஓர் ஒட்டுண்ணியால் வருவது. அந்த ஒட்டுண்ணி முதலில் செவுளைத்தான் பிடிக்கும். மூச்சுக்குத் திணறிய மீன், ஓடும் தண்ணீரைத் தேடிப் போய் நின்றிருக்கிறது. விடிவதற்குள் போய்விட்டது. இன்னும் மனசு ஆறவில்லை.

அதிலிருந்து மீன் எங்கே நிற்கிறது, எப்படிச் சாய்கிறது என்பதை விடச் செவுளைத்தான் பார்க்கிறேன். அமைதியாக இருக்கும் நேரத்தில் செவுள் மூடி நிமிடத்துக்கு எத்தனை முறை திறக்கிறது என்று எண்ணி எழுதி வையுங்கள். நாளைக்கு அது சட்டென்று கூடினால் அலட்சியம் வேண்டாம். இரண்டு மீனும் சேர்ந்து மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் முதலில் தண்ணீரைச் சோதியுங்கள். அம்மோனியா பூஜ்யமாக இருக்க வேண்டும், வெப்பம் 25 முதல் 27 டிகிரிக்குள்.

உடம்பில் வெள்ளையாகச் சளி படர்ந்து, தோல் உரிவதுபோல் இருந்தால் அது பெரும்பாலும் ப்ரூக்ளினெல்லா என்ற இன்னொரு ஒட்டுண்ணி. க்ளவுன் நோய் என்றே அதற்குப் பெயர் உண்டு. ஓரிரு நாளில் மீனை முடித்துவிடும், காத்திருக்க நேரமில்லை. வெல்வெட்டுக்குத் தாமிர மருந்து, இதற்கு ஃபார்மலின். தாமிரம் இதில் வேலை செய்யாது. எந்த மருந்தானாலும் தனித் தொட்டியில்தான். தாமிரம் பவளத்தையும் இறாலையும் கொன்றுவிடும். ஃபார்மலின் நமக்கும் விஷம், கையுறை போட்டு, மருந்தின் குறிப்பில் சொன்ன அளவை மீறாமல் ஊற்றுங்கள்.

சின்னது சாப்பிடாததைப் பற்றி எனக்கு இன்னும் பயம் இல்லை. செவுள் நிதானம், தோல் சுத்தம், தீனி போட்டால் கண் திரும்புகிறது. விளக்கைக் குறைத்துவிட்டு, உறைய வைத்த ஆர்ட்டீமியா என்ற குட்டி இறால் தீனியைக் கரைத்துக் கொஞ்சமாக விடுகிறேன்.

பெரியது வந்துவிட்டது... வயிறு நிரம்பி ஒதுங்குகிறது. சின்னது பார்க்கிறது. பக்கத்தில் போகிறது... துப்பிவிட்டது. இருங்கள், திரும்பவும் போகிறது. எடுத்துவிட்டது! விழுங்கிவிட்டது, பாருங்கள்!