13 மணி நேரம் ரெக்கார்ட் ஆகும், சரி, ஆனா நிக்குமா? பேஸ் கிட்டாருக்கு லூப்பர் பெடல் வாங்கறவங்க பாக்க வேண்டிய வீடியோ

வணக்கம் மக்களே. 13 மணி நேரம் ரெக்கார்ட் பண்ற லூப்பர் பெடல் ஒன்னு இருக்கு தெரியுமா, பாஸ் கம்பெனியோட ஆர்சி-5, கைக்குள்ள அடங்குற சைஸ்தான், ஆனா 13 மணி நேரம். விடிய விடிய கூத்து நடந்தா கூட அதுக்குள்ள அடங்கிடும். ஆனா அந்த 13 மணி நேரத்துல ஒரு பேஸிஸ்ட்டுக்கு எவ்ளோ வேணும்னு கேட்டீங்கன்னா, அரை நிமிஷம். சத்தியமா. கணக்கு போட்டே காட்டறேன்.

அதுக்கு முன்னாடி ஒன்னு, இந்த வீடியோவ போன் ஸ்பீக்கர்ல கேட்டுட்டிருக்கறவங்க தயவுசெஞ்சு ஹெட்போன் மாட்டிக்கோங்க. பேஸோட ஓபன் ஈ ஸ்ட்ரிங் 41 ஹெர்ட்ஸ், அஞ்சு ஸ்ட்ரிங் பேஸ்னா கீழ பி 31 ஹெர்ட்ஸ், அதெல்லாம் உங்க போன் ஸ்பீக்கர்ல வரவே வராது, நான் பாட்டுக்கு இங்க வாசிப்பேன், நீங்க "என்னடா சும்மா விரல ஆட்டறான்"னு நெனைப்பீங்க.

(ஹெட்போன் மாட்டறதுக்கு ரெண்டு செகண்ட் கேப்)

லூப்பர்னா என்னனு தெரியாதவங்களுக்கு, கால்ல மிதிச்சா நீங்க வாசிக்கறத ரெக்கார்ட் பண்ணும், திரும்ப மிதிச்சா அதையே சுத்தி சுத்தி வாசிக்கும், அது மேல நீங்க இன்னொன்னு வாசிக்கலாம், அவ்ளோதான். வரலாறு வேணுமா, டேப் ரெக்கார்டர் காலத்துலருந்து இருக்கு, பேஸ்ல பாத்தா ஜாக்கோ பாஸ்டோரியஸ்ங்கற அமெரிக்க பேஸிஸ்ட் 1970-கள் கடைசிலயே எம்.எக்ஸ்.ஆர் டிஜிட்டல் டிலேனு ஒரு எக்கோ மெஷின்ல ஒரு ஃப்ரேஸ புடிச்சு சுத்த விட்டு மேல சோலோ போட்டு மேடைய கலக்கிட்டார். வரலாறு ஓவர்.

நம்ம ஊர்க்காரங்களுக்கு இது ஒன்னும் புதுசில்லங்க. தர்மபுரி கிருஷ்ணகிரி பக்கம் தெருக்கூத்து பாத்தவங்களுக்கு தெரியும், வேஷக்காரர் ஒரு அடி பாடுவாரு, பின்பாட்டுக்காரங்க அதையே திரும்ப திரும்ப பாடி தாங்கிப் புடிப்பாங்க, அந்த நேரத்துல இவரு சுத்தி சுத்தி ஆடுவாரு. அந்த பின்பாட்டுதான் லூப்பர். ஆனா ஒன்னு கவனிச்சிருக்கீங்களா, மிருதங்கம் தீர்மானம், அதாவது முடிக்கற அடி, வெச்ச உடனே பின்பாட்டு டக்குனு நிக்கும், ஒருத்தர் கூட இழுக்க மாட்டாங்க. நீங்க வாங்கப்போற பெடல் அப்படி நிக்குமா? இன்னைக்கு வீடியோவே இந்த ஒரு கேள்விக்குதான்.

முதல்ல நிமிஷ கணக்க முடிச்சிடலாம். நிமிஷத்துக்கு 90 பீட் வேகத்துல ஒரு பாட்டு. ஒரு பாருக்கு நாலு பீட், நாலு பார்னா 16 பீட், அது வெறும் 10.7 செகண்ட். எட்டு பார் 21 செகண்ட். ப்ளூஸ்ங்கற பாட்டு வகைல பன்னெண்டு பார் ஒரு சுத்து, அது முழுசா 32 செகண்ட். டிசி எலக்ட்ரானிக் டிட்டோ, சின்னது, ஒரே ஸ்விட்ச், ஒரே நாப், 5 நிமிஷம் ரெக்கார்ட் ஆகும், "அய்யோ அஞ்சு நிமிஷம்தானா"னு நிறைய பேர் அத ஒதுக்கிடறாங்க. அஞ்சு நிமிஷம்னா இந்த வேகத்துல 112 பார்ங்க! 112 பாருக்கு ரிப்பீட் ஆகாத பேஸ்லைன் எந்த பாட்டுல வருது சொல்லுங்க, அப்படி ஒன்னு வாசிக்கறீங்கன்னா உங்களுக்கு லூப்பர் வேணாம், இசையமைப்பாளர்னு ஒரு விசிட்டிங் கார்டு அடிச்சுக்கோங்க.

நிமிஷம் உண்மையிலேயே இடிக்கற இடம் ஒன்னு இருக்கு, அது லூப்பர் பெடல் இல்ல, மல்டி எஃபெக்ட்ஸ், அதாவது நிறைய எஃபெக்ட் ஒரே டப்பால இருக்கற ஐட்டம், அதுக்குள்ள வர்ற லூப்பர். ஜூம் பி1 ஃபோர், நிறைய பசங்க வெச்சிருக்கீங்க, நல்ல ஐட்டம், டபுள் ஏ பேட்டரி நாலு போட்டா கரன்ட் போனாலும் ஓடும், ட்ரம் பேட்டர்னும் இருக்கு. ஆனா லூப்பர் 30 செகண்ட். இப்ப பன்னெண்டு பார் ப்ளூஸ் 90-ல எவ்ளோனு சொன்னேன்? 32. ரெண்டு செகண்ட்ல கடைசி பார் கழுத்தறுந்து போகும். வேகத்த 96-க்கு ஏத்துங்க, 48 பீட், கரெக்ட்டா 30 செகண்ட், நூலிழைல உக்காரும். அதுக்காக பாட்டோட வேகத்த மாத்துவியாடான்னு கேட்டா, ப்ராக்டிஸ்னா மாத்துவேன், 100 வெச்சுக்கிட்டு நிம்மதியா வாசிப்பேன். கைல ஏற்கனவே இது இருந்தா மொதல்ல இதுல பழகுங்க, உங்களுக்கு லூப்பிங் செட்டாகுதானு தெரிஞ்சதுக்கப்புறம் காசு செலவு பண்ணலாம்.

இப்ப நிறுத்தற மேட்டருக்கு வரேன். ஒத்த ஸ்விட்ச் பெடல்ல, டிட்டோவோ பாஸ் ஆர்சி-1-ஓ, நிறுத்தணும்னா ரெண்டு தடவ டக் டக்குனு மிதிக்கணும். ஆனா லூப் ஓடிட்டிருக்கும்போது ஒரு தடவ மிதிச்சா அதுக்கு அர்த்தம் ஓவர்டப். அதாவது நீங்க நிறுத்தறதுக்காக மிதிக்கற முதல் மிதிய அந்த பெடல் "ஓ, இன்னொரு லேயர் வேணுமா"னுதான் எடுத்துக்கும், ரெண்டாவது மிதி விழுந்தாதான் நிக்கும். சரி, பாட்டு முடியுது, கடைசி "ஒன்னு", அதாவது பாரோட முதல் பீட், விழும்போது எல்லாம் சேந்து நிக்கணும், நீங்க ஒன்னுல மொத மிதி மிதிச்சா என்ன ஆகும், ரெண்டாவது மிதி வர்றதுக்குள்ள லூப் அடுத்த நோட்ட போட்டுடும். 90 வேகத்துல ஒரு பீட்டே 0.67 செகண்ட்தான், அரை பீட் லேட்டானாலும் அப்பட்டமா கேக்கும். கிட்டார்காரனுக்கு இது நடந்தா ஏதோ ஒரு கார்டு (பல நோட்டு சேந்து வர்ற சத்தம்) கொஞ்சம் இழுத்துச்சுன்னு போயிடும், பேஸ்ல நடந்தா மொத்த வீட்டோட அஸ்திவாரமே ஒரு அடி தள்ளி போன மாதிரி ஆயிடும், பாடறவங்க திரும்பி உங்கள ஒரு பார்வ பாப்பாங்க பாருங்க!

தீர்வு ரெண்டு. ஒன்னு கால் பழக்கம், முதல் மிதிய நாலாவது பீட்டுக்கு அடுத்த அரைல போட்டு ரெண்டாவத கரெக்ட்டா ஒன்னுல போடறது. பழகினா வரும், ஆனா அந்த நேரத்துல கைல ஃபில் (பாட்டு முடியற இடத்துல போடற சின்ன அலங்கார வாசிப்பு) வாசிக்க முடியாது, எனக்கு அது பெரிய எரிச்சல். ரெண்டாவது, நிறுத்தறதுக்கு தனி ஸ்விட்ச். டிட்டோ எக்ஸ்2-ல ரெண்டு ஸ்விட்ச் இருக்கு, ஒன்ன ஸ்டாப்புக்கு வெச்சுக்கலாம். ஆர்சி-1, ஆர்சி-5 ரெண்டுலயும் வெளில தனியா ஃபுட் ஸ்விட்ச் சொருக ஜாக் இருக்கு, அத ஸ்டாப்பா யூஸ் பண்ணலாம். முதல் டிட்டோல அந்த ஜாக்கே கிடையாது, அதனால வீட்டு ப்ராக்டிஸுக்கு டிட்டோ சூப்பர், மேடைக்குனா நான் வேணாம்பேன். நிறைய பேர் இதுக்கு ஒத்துக்க மாட்டீங்க, ஒத்த ஸ்விட்ச்லயே மேடைல பின்றவங்க இருக்காங்க, தெரியும், அவங்க கால் வேற கால்.

அடுத்து எல்லாரும் கேக்கறது, "பேஸுக்குன்னு தனி லூப்பர் வாங்கணுமா ப்ரோ?" வேணாம். ஓவர்டிரைவ், வா பெடல் இதுலலாம் கிட்டார் பெடல் போட்டா லோ எண்ட் ஒல்லியாகும், அதனால பேஸ் வெர்ஷன் தேடறோம். லூப்பர் வெறும் ரெக்கார்டர், 41 ஹெர்ட்ஸ் ரெக்கார்ட் பண்றது டிஜிட்டலுக்கு ஒரு வேலையே இல்ல, கஷ்டம்லாம் மேல் பக்கம்தான். ஒன்னே ஒன்னு செக் பண்ணுங்க, உங்க பேஸ் ஆக்டிவ்னா, உள்ள 9 வோல்ட் பேட்டரி இருக்கற வகை, பேஸ் நாப முழுசா ஏத்திட்டு ஸ்ட்ரிங்க கட்டை விரலால பலமா அடிச்சு, அதாவது ஸ்லாப் பண்ணி, லூப் எடுத்து கேளுங்க, சில மலிவு பெடல்ல அது கிரகிரன்னு உடையும்.

லேயர் போடறதுலதான் பேஸ் வேற ஜாதி. கிட்டார்ல மூணு கார்டு லேயர் போட்டா அழகா இருக்கும், பேஸ்ல மூணு லேயர் கீழ போட்டா சேறு. இதுல ஒரு ஆச்சரியமான விஷயம். ஈ ஸ்ட்ரிங் ஓபன் நோட்டு ஒரு அலைக்கு சுமார் 24 மில்லி செகண்ட் எடுக்கும். அதே நோட்ட ரெண்டாவது லேயர்ல வாசிக்கறீங்க, ரெண்டு அலையும் சரியா மேல மேல உக்காந்தா சத்தம் 6 டெசிபல் ஏறும். ஆனா பாதி அலை தள்ளி, வெறும் 12 மில்லி செகண்ட் தள்ளி உக்காந்துச்சுன்னா, ஒன்ன ஒன்னு தின்னுடும், அடிநாதமே காணாம போயிடும்! 12 மில்லி செகண்ட் கரெக்ட்டா வாசிக்க மனுஷனால ஆகாது, அதனால ஒவ்வொரு பீட்டும் ஒவ்வொரு மாதிரி, ஒன்னு தும்தும்னு, ஒன்னு தொய்னு. நீங்க ஆம்ப குறை சொல்லிட்டிருப்பீங்க.

அதனால கீழ ஒரே ஒரு லேயர். மத்ததெல்லாம் 12-வது ஃப்ரெட்டுக்கு மேல. இங்க எனக்கு ரொம்ப புடிச்ச ஒரு ட்ரிக் இருக்கு, இதுக்காகவே இந்த வீடியோ எடுத்தேன்னு கூட சொல்லலாம். ஜி-ல ப்ளூஸ் வாசிக்கறோம். டி ஸ்ட்ரிங் 15-வது ஃப்ரெட், ஜி ஸ்ட்ரிங் 16-வது ஃப்ரெட், ரெண்டையும் சேத்து மீட்டுங்க. எஃப், பி. ஜி7 கார்டோட உயிரே இந்த ரெண்டு நோட்டுதான், ரூட்டு, அதாவது கார்டோட அடி நோட்டு, அதுதான் ஏற்கனவே கீழ லூப்ல ஓடுதே. இப்ப அப்படியே ரெண்டு விரலையும் ஒரு ஃப்ரெட் எறக்குங்க, 14, 15.

(வாசிச்சு காட்டறேன்)

சி7 வந்துடுச்சு! திரும்ப 15, 16-க்கு வந்து ஒரு ஃப்ரெட் ஏத்துங்க, 16, 17. டி7! ஒரு பாட்டோட மூணு கார்டும் நாலு ஃப்ரெட்டுக்குள்ள, விரல் ஷேப் கூட மாறல. எனக்கு முதல்ல இது புரிஞ்சப்ப சும்மா உக்காந்து மேலயும் கீழயும் நகத்திட்டே இருந்தேன், வீட்ல சாப்பிட கூப்பிட்டது கூட காதுல விழல. 20 ஃப்ரெட் பேஸ்லயே வரும், 24 ஃப்ரெட் வாங்கணும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. இதுக்கு மேல ஸ்ட்ரிங்க கையால மூடிட்டு டக் டக்னு தட்டி ஒரு லேயர், அது ட்ரம் மாதிரி, அப்புறம் மேல மெலடி. ஒரே ஆள், முழு பேண்ட்.

பேண்ட்னதும் ஞாபகம் வருது, டிஜிடெக் ட்ரியோ ப்ளஸ்னு ஒன்னு இருக்கு, கிட்டார்காரன் கார்டு வாசிச்சா அதுவே பேஸும் ட்ரம்மும் போட்டு குடுக்கும், லூப்பும் பண்ணும். நம்ம பொழப்புல மண்ணள்ளி போடறதுக்குன்னே செஞ்ச பெடல், அதப்பத்தி பேச மாட்டேன்.

எங்க மாட்டறது? எஃபெக்ட்ஸ் எல்லாத்துக்கும் கடைசில. முன்னாடி மாட்டினா ஒரு டிஸ்டார்ஷன் ஆன் பண்ணதும் பழைய லேயரும் சேந்து கரகரக்கும். ஆனா சர்ச்ல, ஆர்கெஸ்ட்ரால வாசிக்கறவங்க இத கவனமா கேளுங்க. உங்க செட்டப்ல டிஐ பாக்ஸ், அதாவது பேஸ் சிக்னல மிக்ஸருக்கு ஏத்த மாதிரி மாத்தி அனுப்பற டப்பா, இருந்து அதுலருந்து எக்ஸ்எல்ஆர் கேபிள் மிக்ஸருக்கு போகுதுன்னா, லூப்பர் அந்த டிஐ-க்கு முன்னாடிதான் இருக்கணும். டிஐ-க்கு பின்னாடி ஆம்ப் போற லைன்ல மாட்டினா உங்க ஆம்ப்ல லூப் ஜம்முனு கேக்கும், ஆனா மிக்ஸருக்கு போறது லூப் இல்லாத சிக்னல். நீங்க மேடைல கண்ண மூடி சோலோ உருட்டிட்டிருப்பீங்க, கீழ உக்காந்திருக்கறவங்களுக்கு வெறும் சோலோ மட்டும் அனாதையா கேக்கும்.

மேடைல பாடிக்கிட்டே லூப் பண்ணணும், பல்லவி ஒரு ட்ராக், சரணம் ஒரு ட்ராக்னு வேணும்னா ஆர்சி-500, ரெண்டு ட்ராக், மைக்கும் சொருகலாம். அதுக்கு மேல ஆர்சி-600, ஆறு ட்ராக், அதப்பத்தி கேக்கறவங்க இந்த வீடியோ பாக்க மாட்டாங்க.

வீட்ல தனியா ப்ராக்டிஸ் பண்ற பேஸிஸ்ட்டுக்கு ட்ரம் உள்ளயே இருக்கற பெடல் வாங்கறது நல்லது, இது என் கருத்து. ட்ரம்மர் இல்லாம நாம தனியா லூப் போட்டா நம்ம டைமிங் நமக்கு எப்பவும் கரெக்ட்டாதான் தெரியும். ஆர்சி-5-ல 57 ரிதம் இருக்கு, நக்ஸ் லூப் கோர்லயும் ட்ரம் வரும், விலை கம்மி.

வாங்க எங்க போறது? நம்ம ஊர் கடைகள்ல கீபோர்டு, அக்கூஸ்டிக் கிட்டார், தபலா வரைக்கும் பிரச்சினை இல்ல, லூப்பர கைல மிதிச்சு, சாரி, கால்ல மிதிச்சு பாக்கணும்னா பெங்களூர்தான். கிருஷ்ணகிரிலருந்து 90 கிலோமீட்டர் சொச்சம், ஓசூர் தாண்டிட்டா பாதி போன மாதிரி, ஆனா சில்க் போர்டு ட்ராஃபிக்ல நிக்கற நேரத்துக்கு அந்த 13 மணி நேர பெடல் கூட பத்தாது. போறப்ப உங்க பேஸையே தூக்கிட்டு போங்க, கடை பேஸ்ல டெஸ்ட் பண்ணாதீங்க. கடைக்காரர் முகம் சுளிச்சாலும் பரவால்ல, பத்து தடவ நிறுத்தி பாருங்க.

கடைசியா அடாப்டர். இந்த பெடல்லாம் 9 வோல்ட், பின்னோட நடு முனை மைனஸ். வீட்ல கெடக்கற சிசிடிவி அடாப்டர சொருகாதீங்க, அது 12 வோல்ட், நடு முனை ப்ளஸ், பெடல் செத்துடும். கரண்ட்டும் பாருங்க, டிட்டோ 100 மில்லி ஆம்பியர் கேக்கும், ஆர்சி-5 170 கேக்கும், ஒரே அடாப்டர்ல அஞ்சு பெடல தொங்க விட்டா ஒரு விசில் சத்தம் கூடவே வரும், அது லூப்ல ரெக்கார்ட் ஆகி லேயருக்கு லேயர் ஏறும்.

உங்ககிட்ட என்ன பேஸ் இருக்கு, ஆக்டிவா பாசிவா, வீட்டுக்கா மேடைக்கானு கமெண்ட்ல போடுங்க, பாத்து பதில் சொல்றேன். அந்த 15, 16 ஃப்ரெட் ட்ரிக்க மைனர் கார்டுக்கு எப்படி மாத்தறதுன்னு அடுத்த வீடியோ, பேஸ ட்யூன் பண்ணி வெச்சிருங்க.