யாரை வீட்டுக்கு அனுப்புவாய்?

நேயர்களுக்கு வணக்கம்.

பேஸ்பால் பற்றிப் பேச வந்திருக்கிறேன். ஆட்ட விதிகளைச் சொல்லித்தரப் போவதில்லை. அதற்குப் பலகையும் சுண்ணக்கட்டியும் வேண்டும். கிரிக்கெட் அணி அறிவிக்கப்பட்ட மறுநாள் காலையில் டீக்கடையில் நின்று, "அவனை ஏன் விட்டார்கள், இவனை ஏன் எடுத்தார்கள்" என்று ஒரு தடவையாவது குரல் உயர்த்தியவர்களுக்கு நான் சொல்வது அத்தனையும் புரியும்.

வேலை நிமித்தமாக அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், டெட்ராய்ட் நகரை ஒட்டிய ஓர் ஊரில் பல ஆண்டுகள் வாழ்ந்தேன். பக்கத்து வீட்டில் ஒரு பெரியவர். கார் தொழிற்சாலையில் உழைத்து ஓய்வு பெற்றவர். கோடைக்கால மாலைகளில் வீட்டு முகப்பில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, டெட்ராய்ட் டைகர்ஸ் அணியின் ஆட்டத்தை வானொலியில் கேட்பார். மடியில் ஓர் அட்டை, கையில் பென்சில். மட்டை பிடிக்க வந்தவர் ஒவ்வொருவரும் என்ன ஆனார் என்பதைச் சின்னச் சின்னக் குறிகளாக எழுதிக்கொண்டே போவார். ஓர் அணிக்கு ஒரு பருவத்தில் 162 ஆட்டங்கள். ஏறக்குறைய அன்றாடம் ஆட்டம் உண்டு. அட்டைகள் காலணிப் பெட்டிகளில் அடுக்கடுக்காகச் சேர்ந்திருந்தன.

நான் போய் உட்கார்ந்து, "அந்த இளைஞனை அணிக்குள் கொண்டுவந்தே ஆகவேண்டும்" என்பேன். அவர் பென்சிலை நிறுத்துவார். ஒரே ஒரு கேள்வி கேட்பார்: "சரி, யாரை வீட்டுக்கு அனுப்புவாய்?"

அன்றைக்கு ஓர் அணியில் 25 பேருக்குத்தான் இடம். 2020-லிருந்து 26. அந்த எண்ணிக்கை நிறைந்தே இருக்கும். ஒருவர் உள்ளே வந்தால் ஒருவர் வெளியே போயாக வேண்டும். ரசிகர்களாகிய நாம் வரவேண்டியவரின் பெயரை உரக்கச் சொல்வோம். போகவேண்டியவரின் பெயரைச் சொல்ல நமக்கு நாக்கு எழாது. பெரியவருக்கு இரண்டு பெயரும் வேண்டும். இரண்டு பெயரையும் சொல்லாதவரோடு அவர் வாதம் செய்ய மாட்டார்.

2012-ஆம் ஆண்டைச் சொல்கிறேன். மிக மதிப்புமிக்க ஆட்டக்காரர் விருது யாருக்கு என்று பேஸ்பால் ரசிகர்கள் அந்த ஆண்டைப் போல வேறெந்த ஆண்டும் சண்டை போட்டு நான் பார்த்ததில்லை.

ஒரு பக்கம் டெட்ராய்ட்டின் மிகேல் கப்ரேரா. வெனிசுவேலாக்காரர், மட்டையைப் பிடித்து நின்றாலே எதிரணி நடுங்கும். மறுபக்கம் கலிபோர்னியாவில் ஏஞ்சல்ஸ் அணியின் மைக் ட்ரவுட். பருவம் தொடங்கியபோது வயது இருபது. கப்ரேரா அந்த ஆண்டு அடித்த சராசரி .330, அதாவது பத்து வாய்ப்புக்கு மூன்றுக்கும் மேல் அடி; பந்தை வேலிக்கு அப்பால் அனுப்பிய ஹோம் ரன் 44, அவருடைய அடியால் உள்ளே வந்த ஓட்டங்கள் 139. பெரிய அணிகள் இரண்டு லீகுகளாகப் பிரிந்து ஆடும்; தன் லீகில் இந்த மூன்றிலும் முதலிடம். மூன்றையும் ஒரே ஆண்டில் பிடிப்பதற்கு மும்முடி என்று பெயர். 1967-இல் பாஸ்டனின் கார்ல் யஸ்ட்ரெம்ஸ்கி பிடித்தார். அதற்குப் பிறகு 45 ஆண்டுகளாக ஒருவராலும் முடியவில்லை. பருவத்தின் கடைசி ஆட்டம் கன்சஸ் சிட்டியில் நடந்தது. பாதி ஆட்டத்தில் பயிற்சியாளர் அவரை வெளியே அழைத்தபோது, எதிரணியின் ஊர்மக்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். பெரியவர் வானொலிப் பெட்டியைப் பார்த்தபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ட்ரவுட் என்ன செய்தார்? சராசரி .326. கப்ரேராவுக்கு அடுத்த இடம். ஹோம் ரன் 30. ஆனால் 49 தடவை பேஸ் திருடினார், அதாவது யாரும் பந்தை அடிக்காமலேயே அடுத்த பேஸுக்கு ஓடிச் சேர்ந்தார்; 129 ஓட்டங்களைத் தானே ஓடி எடுத்தார். அந்த ஆண்டு ஜூன் மாதம் பால்டிமோரில், வேலியைத் தாண்டிப் போய்விட்ட பந்தை எகிறிப் பிடித்து ஒரு ஹோம் ரன்னை இல்லாமல் ஆக்கினார். எதிரணியின் கணக்கில் ஏறாமல் போன ஓட்டத்தை யார் எந்த ஏட்டில் எழுதுவது? சராசரி, ஹோம் ரன், உள்ளே வந்த ஓட்டம் என்ற மூன்று பழைய கணக்கிலும் அந்தப் பிடிக்கு இடம் இல்லை. நான் ட்ரவுட் கட்சி. மிக மதிப்புமிக்க ஆட்டக்காரர் விருது அவருக்குத்தான் என்று முகப்பில் உட்கார்ந்து கத்தினேன்.

இங்கே ஒரு கணக்கைச் சொல்லவேண்டும். ஒரு திருமணத்துக்குத் தவசிப்பிள்ளையை அமர்த்துகிறோம். அவருடைய மதிப்பு என்ன? அவர் வராவிட்டால் பந்தியே நடக்காது என்று சொல்லக்கூடாது. பந்தி நடந்துவிடும். யாரையாவது பிடித்துவருவோம், சாம்பார் கொதிக்கும், அப்பளம் பொரியும். அப்படிக் கடைசி நிமிடத்தில் கிடைக்கிறவர் சமைக்கும் சாப்பாட்டுக்கும் இவர் சமைக்கும் சாப்பாட்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் இவருடைய மதிப்பு. பேஸ்பாலிலும் அதே கணக்குதான். எளிதில் கிடைக்கும் ஒரு மாற்று ஆட்டக்காரரை வைத்து ஆடினால் எத்தனை ஆட்டம் வெல்லலாம், இவரை வைத்து ஆடினால் எத்தனை வெல்லலாம்? மட்டையடி, ஓட்டம், தடுப்பு எல்லாவற்றையும் சேர்த்து அந்த வித்தியாசத்தை ஓர் எண்ணாகச் சொல்கிறார்கள். வார் என்று அதற்குப் பெயர். 2012-இல் ட்ரவுட்டுக்கு அந்த எண் 10-ஐத் தாண்டியது. கப்ரேராவுக்கு 7-ஐ ஒட்டி.

பெரியவர் இந்த எண்ணைக் கேட்டுக் கோபப்படுவார் என்று நினைத்தேன். கோபப்படவில்லை. அட்டைப் பெட்டியிலிருந்து ஏப்ரல் மாத அட்டை ஒன்றை எடுத்துக் கொடுத்தார். "கப்ரேரா எந்த இடத்தில் நிற்கிறார், பார்" என்றார். மூன்றாவது பேஸ்.

அந்தக் கதையைச் சற்று நின்று சொல்கிறேன், ஏனென்றால் என் எண்ணத்தை மாற்றியது அதுதான். முந்தைய ஆண்டுகளில் கப்ரேரா முதல் பேஸில் நின்றார். கனத்த உடம்புக்காரர்கள் நிற்கும் இடம் அது. 2012 ஜனவரியில், டெட்ராய்ட்டின் இன்னொரு பலமான மட்டையாளர் விக்டர் மார்ட்டினெஸுக்கு முழங்காலில் காயம். அந்தப் பருவமே அவருக்கு இல்லை. அணி உடனே பிரின்ஸ் ஃபீல்டரை ஒன்பது ஆண்டுக்கு 214 மில்லியன் டாலர் ஒப்பந்தத்தில் கொண்டுவந்தது. ஃபீல்டரும் முதல் பேஸ்காரர்! ஒரே நாற்காலிக்கு இரண்டு பேர். கப்ரேரா தன் நாற்காலியை விட்டுக்கொடுத்து மூன்றாவது பேஸுக்குப் போனார். அங்கே பந்து சீறிக்கொண்டு வரும். பழக வேண்டும் என்று எடையைக் குறைத்துக்கொண்டு பயிற்சிக்கு வந்தார். பயிற்சி ஆட்டத்திலேயே தரையில் எகிறிய பந்து முகத்தில் பட்டு, கண்ணுக்குக் கீழே எலும்பில் விரிசல். அதற்குப் பிறகும் அதே இடத்தில் நின்றார்.

"உன் கணக்கு அவருடைய தடுப்பாட்டம் சுமார் என்று ஓட்டங்களைக் கழிக்கிறது, சரிதான். அவர் நகர்ந்ததால் ஃபீல்டருக்கு இடம் கிடைத்ததே, அதை யார் பெயரில் எழுதுகிறாய்?" என்று கேட்டார் பெரியவர்.

எனக்குப் பதில் இல்லை. கடினமான இடத்தில் நிற்பதற்கென்று அந்தக் கணக்கு கொஞ்சம் கூட்டிக் கொடுக்கும் என்று தட்டுத்தடுமாறிச் சொன்னேன். அது பதில் ஆகாது என்று எனக்கே தெரிந்தது. ஒருவர் நகர்ந்து இன்னொருவருக்கு இடம் உண்டாக்குவது தனி ஆளின் கணக்கில் அடங்காது. அதை இருபத்தைந்து பேரின் கணக்காகத்தான் பார்க்க முடியும். யாரை வீட்டுக்கு அனுப்புவாய் என்ற அதே கேள்விதான். கப்ரேரா நகர மறுத்திருந்தால் யாரோ ஒருவர் வெளியே நின்றிருப்பார்.

ட்ரவுட் பக்கத்திலும் இதே கேள்வி உண்டு. ட்ரவுட் அந்தப் பருவத்தை ஏஞ்சல்ஸ் அணியில் தொடங்கவே இல்லை. பயிற்சிக் காலத்தில் உடல்நலம் குன்றியிருந்தார். அதனால் சால்ட் லேக்கில் இருந்த கீழ்நிலை அணியில் ஆடினார். அங்கே இருபது ஆட்டங்களில் .403 அடித்தார். மேலே ஏஞ்சல்ஸ் முதல் இருபது ஆட்டங்களில் 6 வென்று 14 தோற்றது. ஏப்ரல் கடைசியில் ட்ரவுட்டை மேலே அழைத்தார்கள். யாரை வீட்டுக்கு அனுப்பினார்கள்? பாபி அப்ரேயுவை. வயது 38. அந்த ஏப்ரலில் அவர் அடித்தது .208. ஆனால் 280-க்கும் மேல் ஹோம் ரன் அடித்தவர் அவர். கெட்ட பந்தைத் தொடாமல் விட்டுப் பொறுமையாக முதல் பேஸுக்கு நடந்து போவதில் அவருக்கு நிகர் அந்தத் தலைமுறையில் மிகச் சிலர்தான். ஒன்பது மில்லியன் டாலர் சம்பளத்தையும் கொடுத்து விடைகொடுத்தார்கள்.

அதற்குப் பிறகு ஏஞ்சல்ஸ் 83 வென்று 59 தோற்றது. அந்த விகிதத்தில் 162 ஆட்டமும் ஆடியிருந்தால் 94-க்கும் மேல் வெற்றி வந்திருக்கும். அந்த ஆண்டு 93 வெற்றியோடு இரண்டு அணிகள் அடுத்த சுற்றுக்குப் போயின. ஏஞ்சல்ஸ் 89-இல் நின்றது. ட்ரவுட்டை மூன்று வாரம் முன்னதாக அழைத்திருந்தால்? ஏஞ்சல்ஸ் ரசிகர்கள் இதை இன்றைக்கும் பேசுவார்கள். அதே அணியின் ஆல்பர்ட் பூஹோல்ஸ் என்ற பெரிய ஆட்டக்காரர் அந்த ஏப்ரலில் ஒரு ஹோம் ரன்கூட அடிக்கவில்லை என்பதையும் நேர்மையாகச் சேர்த்துச் சொல்லவேண்டும்.

டெட்ராய்ட் வென்றது 88. ஏஞ்சல்ஸைவிட ஒன்று குறைவு. ஆனால் அதன் பிரிவில் போட்டி அவ்வளவு கடுமையாக இல்லாததால் முதலிடம் கிடைத்து, இறுதித் தொடர் வரை போனது. விருதுக்கு வாக்களித்த 28 பத்திரிகையாளர்களில் 22 பேர் கப்ரேராவுக்கு முதலிடம் கொடுத்தார்கள், 6 பேர் ட்ரவுட்டுக்கு.

நான் இன்றும் ட்ரவுட் கட்சிதான். கப்ரேராவின் மும்முடியைப் பாருங்கள்: டெக்சஸின் ஜாஷ் ஹாமில்டன் 43 ஹோம் ரன் அடித்திருந்தார். அவர் இன்னும் இரண்டு அடித்திருந்தால் மும்முடி இல்லை. எங்கேயோ டெக்சஸில் ஒருவர் அடிக்கும் பந்து, டெட்ராய்ட்டில் நிற்பவரின் மதிப்பை மாற்றுமா? இதைக் கேட்டபோது பெரியவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "அது நல்ல கேள்வி" என்றார். அவரிடமிருந்து அப்படி ஒரு சொல் வாங்க எனக்குப் பல ஆண்டுகள் ஆயின.

இந்தப் புதிய கணக்குகள் எல்லாம் அணி அலுவலகங்களில் பிறந்தவை என்று நினைத்துவிடாதீர்கள். ரசிகர்கள் செய்தவை. பில் ஜேம்ஸ் என்பவர் கன்சஸ் மாநிலத்தில், டப்பாவில் அடைத்த உணவு தயாரிக்கும் ஆலையில் இரவுக் காவல் வேலை பார்த்தவர். 1977-இல் தன் கணக்குகளைத் தானே அச்சிட்டு விற்கத் தொடங்கினார். ஒவ்வோர் ஆட்டத்தின் முழு விவரமும் வெளியாருக்குக் கிடைக்கவில்லை என்றபோது, 1984-இல் நாடெங்கும் உள்ள ரசிகர்களை, ஆட்டத்தைப் பார்த்து நீங்களே குறித்து அனுப்புங்கள் என்று அழைத்தார். அனுப்பினார்கள். என் பக்கத்து வீட்டுப் பெரியவரைப் போன்றவர்களின் பென்சில் குறிகள்தாம் அவை. பல ஆண்டுகள் கழித்து பாஸ்டன் அணி ஜேம்ஸையே வேலைக்கு அமர்த்திக்கொண்டது. 2004-இல் பாஸ்டன் 86 ஆண்டு இடைவெளிக்குப் பிறகு கோப்பையை வென்றது. வாதாடுகிற ரசிகனை வெட்டிப்பேச்சுக்காரன் என்று யாராவது சொன்னால் எனக்குப் பொறுக்காது. அவன் எண்ணிவைத்ததைத்தான் பிறகு எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள்.

அனுப்பக்கூடாதவரை வீட்டுக்கு அனுப்பிய கதை ஒன்றும் உண்டு. ஹியூஸ்டன் அணி ஜே. டி. மார்ட்டினெஸை 2014 மார்ச்சில் விடுவித்தது. முந்தைய பருவங்களில் அவர் சுமாராகத்தான் ஆடினார். எண்களைப் பார்த்தால் அது சரியான முடிவு. ஆனால் அந்தக் குளிர்காலத்தில் அவர் தன் மட்டை வீச்சையே மாற்றியிருந்தார். பழைய எண்களில் புதிய வீச்சு எப்படித் தெரியும்? பயிற்சி ஆட்டங்களிலோ அவருக்குக் கிடைத்த வாய்ப்பு மிகக் குறைவு. இரண்டே நாளில் டெட்ராய்ட் அவரைச் சேர்த்துக்கொண்டது. அந்த ஆண்டே .315, 23 ஹோம் ரன். பெரியவர் அந்தப் பருவம் முழுவதும், அவர் ஒவ்வொரு தடவை அடிக்கும்போதும், "ஹியூஸ்டனில் யாரை வைத்துக்கொண்டார்கள்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

கண்ணாடிக்கு அப்பால் இரண்டு விரல் காட்டுகிறார்கள். இரண்டு நிமிடம். பந்துவீச்சாளர்களுக்கு என்று ஒரு பகுதி வைத்திருந்தேன், சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். பந்துவீச்சாளரின் பெயரில் வெற்றி, தோல்வி என்று எழுதும் வழக்கம் அங்கே உண்டு. தன் அணி ஓட்டம் எடுக்காவிட்டால், எவ்வளவு அருமையாக வீசினாலும் தோல்வி அவர் பெயரில் விழக்கூடும். 2010-இல் சியாட்டிலின் ஃபெலிக்ஸ் ஹெர்னாண்டஸ் 13 வெற்றி, 12 தோல்வி. ஆனாலும் சிறந்த பந்துவீச்சாளருக்கான சை யங் விருது அவருக்குக் கிடைத்தது. 2018-இல் நியூயார்க் மெட்ஸின் ஜேக்கப் டெகிராம், தடுப்பாளர்களின் பிழையால் வந்ததைக் கழித்தால் ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக 1.70 ஓட்டம் மட்டுமே கொடுத்து, 10 வெற்றி, 9 தோல்வி. அவருக்கும் விருது. முப்பது ஆண்டு முன்பு இது நடந்திருக்காது. கப்ரேராவுக்கு வாக்களித்த 22 பேரின் இடத்தில் இன்று வேறு தலைமுறை உட்கார்ந்திருக்கிறது.

கீழ்நிலை அணிக்கு ஓர் ஆட்டக்காரரை எத்தனை பருவம் தடையின்றி அனுப்பலாம், அதற்குப் பிறகு அனுப்ப முயன்றால் மற்ற அணிகள் எப்படி எடுத்துக்கொண்டு போய்விடும் என்பதையும் சொல்ல நினைத்தேன். நன்றாக ஆடுகிறவர் கீழே போவார், சுமாராக ஆடுகிறவர் மேலேயே இருப்பார், ரசிகர்கள் கொதிப்பார்கள். காரணம் அந்த விதிதான். அதற்கு இன்னொரு நாள் வேண்டும்.

நன்றி. வணக்கம்.