சமாரியம் மேகத்தில் எலக்ட்ரான் ஏன் குறைந்தது?

[திரையில்: இரவு வானம், மேலேறும் ராக்கெட்]

2013 மே மாதம். பசிபிக் கடலில், மார்ஷல் தீவுகளின் குவாஜலின் பவளத்தீவு. அங்கிருந்து கிளம்பிய இரண்டு ராக்கெட்டுகள் வளிமண்டலத்தின் மேலடுக்கில் சமாரியம் என்ற உலோகத்தின் ஆவியைக் கொட்டின. இது அமெரிக்க விமானப்படை ஆய்வுக்கூடத்தின் சோதனை. அந்த உயரத்தில் ஆக்சிஜன் தனி அணுக்களாகத் திரிகிறது. சமாரியம் அதோடு சேர்ந்தால் சமாரியம் ஆக்சைடு அயனியும் ஒரு எலக்ட்ரானும் கிடைக்க வேண்டும். எலக்ட்ரான்கள் பெருகினால் அது செயற்கை பிளாஸ்மா மேகம், அதாவது மின்னேற்றமுள்ள துகள்கள் நிறைந்த வாயு. ரேடியோ அலைகளின் போக்கை அது எப்படி மாற்றுகிறது என்று பார்க்கலாம்.

மேகம் உருவானது. எலக்ட்ரான்கள்தான் எதிர்பார்த்த அளவுக்கு வரவில்லை.

[திரையில்: வரவு, செலவு என்று இரண்டு கட்டங்கள்]

சமாரியம் அணுவிலிருந்து ஓர் எலக்ட்ரானைப் பிடுங்க 5.64 எலக்ட்ரான் வோல்ட் (அணு அளவிலான ஆற்றலின் அலகு) செலவாகும். இது நன்றாகத் தெரிந்த எண். அந்த அயனி ஆக்சிஜனோடு பிணையும்போது கிடைக்கும் ஆற்றல் வரவு. வரவு செலவை மிஞ்சினால்தான் வினை தானாக நடக்கும். மிச்சம் எவ்வளவு? பிணைப்பின் வலு சரியாகத் தெரிந்தால்தான் சொல்ல முடியும்.

அந்த வலுவை அளக்க மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் உதவும். அது நிறை பார்க்கும் கருவிதானே, பிணைப்பைப் பற்றி அது என்ன சொல்லும்? ஒன்றல்ல, இரண்டை வரிசையாக வையுங்கள். முதலாவது, நமக்கு வேண்டிய அயனியை மட்டும் பிரித்து அனுப்பும். நடுவில் அது செனான் வாயு அணு ஒன்றில் மோதும். இரண்டாவது, என்ன மிஞ்சியது என்று பார்க்கும். அயனியின் வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போனால், ஓரிடத்தில் உடைந்த துண்டு முதன்முதலாகத் தலைகாட்டும். அந்தத் தொடக்கப் புள்ளிதான் பிணைப்பின் வலு.

[திரையில்: எட்டு கம்பிகளுக்கு நடுவே நகரும் அயனி]

மோதல் நடக்கும் இடத்தைச் சுற்றி எட்டு உலோகக் கம்பிகள். அவற்றில் ரேடியோ அதிர்வெண் மின்னழுத்தம் ஓடுவதால், மோதிச் சிதறிய அயனிகளும் ஓடிப்போகாமல் டிடெக்டருக்கு வந்து சேர்கின்றன. எனக்கு இந்தக் கருவியில் பிடித்ததே இந்த எட்டுக் கம்பிகள்தான்.

ஒரு சிக்கல் உண்டு. கேரம் போர்டில் ஸ்ட்ரைக்கர் அடித்ததும் காயோடு சேர்ந்து அதுவும் நகர்கிறதே, அப்படி இங்கேயும் கொடுத்த ஆற்றலில் ஒரு பங்கு இரண்டும் சேர்ந்து நகர்வதிலேயே போய்விடும். சமாரியம் ஆக்சைடு அயனியின் நிறை சுமார் 166 அணு நிறை அலகு, செனான் 131. உடைக்கப் பயன்படுவது 44 சதவீதம்தான். பிணைப்பை உடைக்க 5.7 வேண்டுமென்றால் ஏறக்குறைய 13 எலக்ட்ரான் வோல்ட் கொடுத்தாக வேண்டும்.

அடித்து உடைப்பது ஒரு வழி. அப்புறம், பறித்துப் பார்ப்பது. கந்தக டையாக்சைடிலிருந்து ஓர் ஆக்சிஜனைப் பிரிக்க சுமார் 5.66 வேண்டும். கூடுதல் வேகம் கொடுத்துத் தள்ளிவிடாமலேயே சமாரியம் அயனி அதைப் பறித்துக்கொண்டால், அதன் பிடி 5.66-க்குக் குறைவாக இருக்க வழியில்லை. இப்படிப் பல மூலக்கூறுகளோடு மோதவிட்டு, பிணைப்பின் வலு எதற்குக் குறையாது, எதை மிஞ்சாது என்று இருபுறமும் நெருக்கலாம்.

[திரையில்: 5.725 ± 0.07]

இந்தத் துறையில் பேர்போனவர் யூட்டா பல்கலைக்கழகத்தின் பீட்டர் ஆர்மென்ட்ரவுட். அவரும் விமானப்படை ஆய்வாளர்களும் சேர்ந்து 2015-இல் வெளியிட்ட விடை 5.725. செலவைக் கழித்தால் மிச்சம் 0.08 எலக்ட்ரான் வோல்ட். முன்பு நம்பியதைவிட சுமார் 0.2 குறைவு. பிழை எல்லை 0.07 என்பதால் மிச்சம் வெறும் 0.01 ஆகக்கூட இருக்கலாம். வினை முன்னே போக உந்துதலே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். எலக்ட்ரானும் அயனியும் மறுபடி சேர்ந்து சமாரியமும் ஆக்சிஜனுமாகப் பிரிந்துவிடும் எதிர்வினையையும் ஒதுக்க முடியாது.

அதே ஆய்வில் லேசரால் வேறு வழியிலும் சரிபார்த்தார்கள். அதில் வந்த மிச்சம் 0.14, பிழை எல்லை 0.17. இரண்டு விடைகளும் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றன.